அப்பாவின் கழுத்தில் கப்பல் அட்டை

ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரில் எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. கேட் சாவி, அலமாரிச் சாவி, கிழிக்க மறந்த பழைய காலண்டர் எல்லாம் அதில்தான் தொங்கும். அவற்றோடு ஒரு நீல நாடாவும் தொங்குகிறது. நாடாவின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதில் அப்பாவின் பெயரும் அறை எண்ணும் ஒரு கப்பல் படமும். கப்பலில் இருக்கும் வரை அதைக் காட்டினால்தான் அறை திறக்கும், சோறு கிடைக்கும், கரையில் இறங்கிச் சுற்றிவிட்டு மறுபடி ஏற விடுவார்கள். பயணம் முடிந்த பிறகு அது எதற்கும் உதவாது. குப்பையில் போடலாம் என்று எத்தனையோ முறை கையில் எடுத்துவிட்டு, திரும்ப அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். அந்த அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் அப்பா சிலிபினில் ஒரு சாவு வீட்டுக்குள் நுழைந்தார்.

கப்பல் யோசனை தம்பியுடையது. அவன் கோலாலம்பூரில் இருக்கிறான். எதையும் குடும்பமாகச் செய்ய வேண்டும், அதையும் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறவன். என் கணவர் இறந்த பிறகு நான் அப்பாவோடு வந்து தங்கிவிட்டேன். ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் கவுண்டரில் உட்கார்ந்து பெயர் கூப்பிடும் வேலை, விட்டால் வீடு. "அக்கா சிரிச்சு எவ்ளோ நாளாச்சு" என்று தம்பி யாரிடமோ சொன்னானாம். அதற்கு மருந்து கப்பல் என்று முடிவு செய்துவிட்டான். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, லங்காவி, பூக்கெட் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே இறங்குவது. அவனும் மனைவியும் பிள்ளைகளும், அப்பாவும் நானும். எனக்குக் கடல் என்றால் கரையில் நின்று கால் நனைப்பதோடு சரி. ஆனாலும் போனேன், வரமாட்டேன் என்று சொன்னால் அதற்கும் ஒரு மருந்து கண்டுபிடிப்பான்.

அப்பாவுக்கும் கப்பல் ஒத்து வரவில்லை. அவர் தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர். செமோருக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, தோட்டம் விற்கப்படும் வரை ரப்பர் பாலை ஆலைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தவர். தன் கையில் ஸ்டேரிங் இல்லாத எந்த வண்டியையும் அவர் நம்பியதில்லை. பஸ்ஸில் ஏறினால் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் தானும் காலை அழுத்துவார். கப்பலில் ஏறிய அன்றே, "இத எவன்டா ஓட்டறான்? மூஞ்சியக் காட்டவே மாட்டேங்கறானே" என்று தம்பியிடம் கேட்டார். மேல்தளத்தில் முன்பக்கமாக ஓர் இடம் பார்த்து வைத்துக்கொண்டு, பொழுது முழுக்க அங்கேயே நின்றார். தான் பார்க்காவிட்டால் கப்பல் எங்காவது மோதிவிடும் என்பது போல.

பூக்கெட்டை விட்டுக் கப்பல் கிளம்பிய சாயங்காலம் அந்த அழைப்பு வந்தது. பேசியது அத்தான், ஈப்போவை ஒட்டிய சிலிபினில் இருக்கும் அத்தையின் மகன். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. "மாமா, அம்மா போயிருச்சு" என்றார். காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. "நாளைக்கே எடுத்துர்லாம்னு இங்க எல்லாரும் பேசிக்கிறாங்க, நான்தான் மாமா வரணும்னு..." என்பதற்குள் தொடர்பு அறுந்தது. கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது. அப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே, பக்கத்தில் நின்ற தம்பியிடம் மெதுவாகச் சொன்னார்: "நிப்பாட்டச் சொல்லுடா." தம்பி என்னைப் பார்த்தான். லோரியை ஓரங்கட்டுவது போலக் கப்பலை ஓரங்கட்ட முடியாது என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அவர் எதற்காகத் தவித்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் இறந்துபோனால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவள்மேல் போர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள். எத்தனை பேரப்பிள்ளைகள் இருந்தாலும், மகன் எத்தனை மாலை வாங்கிப் போட்டாலும், பிறந்த வீட்டுச் சேலை வராத பெண்ணை நாதியில்லாமல் போனவள் என்றுதான் பேசுவார்கள். அத்தைக்கு அதைக் கொண்டுபோக உலகத்தில் இருந்தது அப்பா ஒருவர்தான். அவரோ நடுக்கடலில், கழுத்தில் சோற்று அட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் முழுவதும் கடல். கப்பல்காரர்களுக்கு அது கடைசி நாள், அதனால் கொண்டாட்டம் கொஞ்சம் தூக்கல். நீச்சல் குளத்தருகே பாட்டு, பலூன், ஐஸ்கட்டியில் செதுக்கிய மீன். எங்களைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு சிப்பந்தியும் "ஹாப்பி அங்கிள்?" என்று அப்பாவைக் கேட்டான். அவர் எல்லோருக்கும் தலையாட்டினார். தம்பி கப்பலின் வைஃபையை வாங்கி அத்தானுக்குச் செய்தி மேல் செய்தி அனுப்பினான். எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. சாவு வீட்டில் போன் எந்த மூலையில் கிடக்கிறதோ. எடுத்துவிட்டார்களா, வைத்திருக்கிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. நான் அறைக்குப் போவேன், உட்கார முடியாது, மேல்தளத்துக்கு வருவேன், நிற்க முடியாது, மறுபடி அறை. லிப்ட்டுக்குள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதைப் போட்டவனைக் கையில் கிடைத்தால் உதைத்திருப்பேன்.

கோபம் கடைசியில் தம்பிமேல்தான் போய் விழுந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நின்றவனிடம், "கப்பல் வேணும்னு எவ அழுதா? லங்காவிதான் பாக்கணும்னா கோலா பெர்லிஸ்ல ஃபெரி ஏறினா முடிஞ்சது" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "அத்த சாவும்னு எனக்கு ஜோசியமா தெரியும்?" என்று தட்டை வைத்துவிட்டுப் போனான். அவன் மனைவி என் கையைப் பிடித்து, "விடுங்கண்ணி, அவரும் நேத்துலேர்ந்து ஒன்னும் சாப்டல" என்றாள். சுற்றிலும் தட்டுத் தட்டாய்ச் சாப்பாடு. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தொண்டையில் இறங்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அப்பாவைத் தேடிக்கொண்டு போனேன். வழக்கமான முன்பக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூரத்தில், வெயில் புகையாக மிதந்த இடத்தில், சாம்பல் நிறமாக மலை மாதிரி ஏதோ தெரிந்தது. "பங்கோர் தீவா இருக்கும்னு அந்தக் கப்பல் பையன் சொன்னான்" என்றார். "அப்ப அதுக்குப் பின்னால லூமுட். லூமுட்லேர்ந்து சிலிபினுக்கு நான் எத்தன தடவ வண்டி ஓட்டிருக்கேன்." கையை நீட்டி வழி காட்டினார், சித்தியவான், பாரிட், ஈப்போ என்று. எங்கள் ஊருக்குப் போகும் ரோடு கண்ணுக்கு எதிரே கிடக்க, கப்பல் அதைத் தாண்டி மெத்தனமாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. "இங்க எறக்கி விட்டா போயிருவேன் பாப்பா. சம்பான் படகு ஒன்னு இருந்தா போதும்." எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கு நான் கடைசி வரை பாப்பாதான்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். அத்தைக்குப் பதினைந்திலேயே கல்யாணம், மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவர் போய்விட்டார். புயல் மழையில் ரப்பர் மரக்கிளை முறிந்து விழுந்த கதை எனக்குத் தெரியும். கருமாதி அன்றைக்கு அத்தைக்கு வெள்ளைச் சேலை கொண்டுபோக வேண்டியது பிறந்த வீட்டு முறை என்று எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோனது மீசை கூடச் சரியாக முளைக்காத அப்பா என்பதை மட்டும் நான் யோசித்ததே இல்லை. "தட்டுல வச்சு எங்கையில குடுத்தாங்க. நானும் எடுத்துட்டுப் போனேன். அவ அதப் பாக்கல பாப்பா, என்னையப் பாத்தா. நீயாண்ணே கொண்டாரன்னு கேக்கற மாதிரி." அதன் பிறகு அத்தையை வெள்ளையிலும் சாம்பலிலும் தவிர நான் பார்த்ததில்லை. தீபாவளிக்குக் கூட மங்கலாக ஏதோ ஒன்று. அதைச் சொல்லிவிட்டு அப்பா என் பக்கம் திரும்பாமல், "ஒரு தடவ கொண்டு போனதே போதும்லா" என்றார்.

எனக்குள் என்னவோ இடம் மாறியது. என் கணவரின் கருமாதி அன்று அப்பா வெறுங்கையோடு வந்தார். அந்த வீட்டுப் பெண்கள், பிறந்த வீட்டில் ஒரு துணிக்கும் வழியில்லையா என்று என் காதுபடப் பேசினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. மறந்துவிட்டாரா, அக்கறை இல்லையா என்று வருடக்கணக்கில் அவர்மேல் ஒரு கசப்பை வைத்திருந்தேன். கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வெள்ளையைக் கையில் எடுக்க முடியாமல்தான் ஒரு மனிதர் அத்தனை பேர் முன்னால் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். கம்பியைப் பிடித்திருந்த அவர் கைமேல் என் கையை வைத்தேன். என் மனசு அவ்வளவு லேசாகி நெடுநாளாகியிருந்தது. அவர் கையோ சும்மா இருக்கவில்லை, கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அந்தத் தீவுக்கு நேராக வந்தபோது என் போனில் ஒரு கோடு சிக்னல் ஏறியது. உடனே அடித்து, ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். அத்தான் எடுத்தார். "இன்னும் எடுக்கல மாமா. மின்சுடலையில நாளைக்கு மத்தியானத்துக்குச் சொல்லியிருக்கு. அதுக்கு மேல வைக்கிறது சூசா, கஷ்டம், சித்தப்பா வேற சத்தம் போடறாரு. மத்தியானத்துக்குள்ள வந்துருங்க." அப்பா போனில், "வாரேன்யா, வாரேன், மூடிறாதீங்க" என்று கத்தினார். நீச்சல் குளத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கோடு போய்விட்டது.

கப்பலில் ஒரு வழக்கம், இறங்குவதற்கு முந்திய சாயங்காலமே பெட்டிகளில் வண்ணச் சீட்டு கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் அந்த வண்ணத்தைக் கூப்பிடும்போதுதான் இறங்கலாம். எங்கள் வண்ணம் கடைசி. தம்பி கவுண்டரில் போய் நின்றான். எப்போதும் சிரித்துக் காரியம் சாதிக்கிறவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "எங்கப்பாவோட தங்கச்சி பெட்டிக்குள்ள படுத்திருக்கு, எங்கப்பா போனாத்தான் எடுப்பாங்க" என்பதை அவன் ஆங்கிலத்திலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தள்ளி நின்று கேட்டேன். மத்தியானம் அவனைத் திட்டிய வாயைக் கடித்துக்கொண்டேன். முதல் ஆளாக இறங்க அனுமதி கிடைத்தது. அப்பா பெட்டியை வாசலில் வைக்க மறுத்துவிட்டார். கைப்பையில் ஒரு வேட்டியை மட்டும் திணித்துக்கொண்டு, "மத்ததெல்லாம் கப்பல்காரனே வச்சுக்கட்டும்" என்றார்.

காலையில் கிள்ளானில் இறங்கியதும் தம்பி மனைவி பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் பின்தங்கிக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் காரில் ஏறினோம். தம்பி ஓட்டினான், அப்பா பக்கத்தில். தஞ்சோங் மாலிம் தாண்டும் வரை அப்பாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. தாப்பாவுக்குப் பக்கத்தில் லோரிகள் அடைத்துக்கொண்டு நின்றபோது, தன் வாழ்நாளில் முதல் தடவையாக லோரிக்காரர்களைத் திட்டினார்.

ஈப்போவில் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை முன்னால் நிறுத்தினோம். சாவுக்கு என்று சொன்னதும் கடைப்பெண் முகத்தை இறக்கிக்கொண்டு, "அம்மாவுக்கு வூட்டுக்காரரு இருக்காரா அங்கிள்?" என்றாள். இல்லையென்றதும் வெள்ளைச் சேலைக் கட்டை எடுத்துப் போட்டாள். அப்பா அதைத் தொடவில்லை. "கலர்ல காட்டும்மா." என்ன கலர் என்று அவள் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். "அவளுக்கு என்ன கலர் புடிக்கும் பாப்பா?" எனக்குத் தெரியவில்லை. தம்பிக்குத் தெரியவில்லை. அத்தானுக்கு அடித்தோம், அவரும் திணறினார். அத்தை கலர் கட்டி அவர் பார்த்ததே இல்லை. ஒரு மனுஷி இத்தனை வருடம் எங்கள் நடுவில் இருந்திருக்கிறாள், கோழி ரெண்டாங்கும் முறுக்கும் செய்து எல்லோர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறாள், அவளுக்குப் பிடித்த நிறம் ஒருவருக்கும் தெரியாது. மேசைமேல் விரிந்து கிடந்த சேலைகளுக்கு முன்னால் அப்பா கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றதைப் போல ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. மத்தியானமும் நெருங்கிக்கொண்டிருந்தது. "பச்சையே இருக்கட்டும்" என்று கடைசியில் ஒரு கிளிப்பச்சையைக் காட்டினார். "சின்னப்புள்ளையில பச்சப் பாவாட ஒன்னு வச்சிருந்தா. புடிச்சுதான் கட்டினாளோ, வேற இல்லாம கட்டினாளோ."

சிலிபின் வீட்டு வாசலில் கூடாரம், நாற்காலிகள்; சவ வண்டி தயாராக நின்றது. எங்களைக் கண்டதும் பெண்கள் குரலெடுத்தார்கள். அப்பா யாரையும் பார்க்காமல், தட்டில் சேலையும் மாலையும் வைத்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சேலையின் நிறத்தைப் பார்த்ததும் அழுகைச் சத்தம் பாதியில் நின்றது. அத்தானின் சித்தப்பா, அதாவது அத்தையின் கொழுந்தனார், பெட்டிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"என்னா மச்சான் இது? வெள்ளதான போடணும். முறைன்னு ஒன்னு இருக்குல்ல."

"வெள்ள ஒங்க வூட்டு முற, மாப்ள. அதத்தான் ஆயுசுக்கும் கட்டிட்டாளே. இது பொறந்த வூட்டு சேல. எங்க வூட்டுல அவ தாலி அறுக்கல."

"பொறந்த வூடு எங்கய்யா இருக்கு? தோட்டத்து லயத்த ஒடச்சு டாமான் வீடுங்க கட்டி, சீனனும் மலாய்க்காரனும் குடி வந்தாச்சு. பொறந்த வூடாம்."

அப்பா தட்டை இறக்கவில்லை. "நான் நிக்கிறேன்ல" என்றார். "நாந்தான்யா பொறந்த வூடு."

அத்தான் எழுந்து வந்து சித்தப்பாவின் தோளைப் பிடித்து மெல்ல ஒதுக்கினார். "மாமா போத்தட்டும்" என்றார். பெட்டியின் கண்ணாடியை விலக்கினார்கள். அத்தை வெள்ளையில் படுத்திருந்தார். அப்பா சேலையை உதறி, கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினார், குளிருக்குப் போர்த்துவது போல ஓரங்களைச் செருகினார். குனிந்தபோது கழுத்திலிருந்த நீல நாடா முன்னால் சரிந்து, கப்பல் அட்டை அத்தையின் முகத்துக்கு மேலே ஆடியது. அதுவரை அது அங்கே இருப்பதை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற தம்பி சட்டென்று கையை நீட்டி நாடாவைப் பிடித்துக்கொண்டான். அப்பா நிமிரும் வரை விடவே இல்லை.

அன்றைக்கு வீடு திரும்பி, குளித்துவிட்டு வந்த அப்பா அட்டையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார். இப்போது அப்பாவும் இல்லை. போன வருடம் போய்விட்டார். என் சேலைகளெல்லாம் இன்னும் சாம்பலும் காப்பியுமாகத்தான் இருக்கின்றன. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கடையில் கை தானாக அந்தப் பக்கம்தான் போகிறது.

போன வாரம் தம்பி வந்திருந்தான். கிளம்பும்போது கேட்டைத் திறக்கச் சாவி எடுக்கப் போனவன் ஆணி முன்னாலேயே நின்றுவிட்டான். கையில் நீல நாடா. இன்னொரு கப்பலைப் பற்றிப் பேசப்போகிறான் என்று நினைத்து நான் சண்டைக்குத் தயாரானேன். அவன் என் பக்கம் பார்க்காமல் கேட்டான்:

"அக்கா, ஒனக்கு என்ன கலர் புடிக்கும்?"

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம்தான் முதலில் வந்தது. "ஏன்டா, இப்பவே என்னைய அனுப்பப் பாக்கறியா?"

"இல்லலா." நாடாவை விரலில் சுற்றிக்கொண்டான். "அப்பா அந்தக் கடையில நின்னாருல்ல. அப்படி நிக்க என்னால முடியாதுக்கா."

நான் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. அவன் அங்கேயே நின்றான்.

"கத்திரிப்பூ கலர்" என்றேன். "ஆனா அத எம்மேல போத்தறதுக்கு முன்னாடி, வர்ற தீபாவளிக்கே ஒன்னு வாங்கியாந்து குடு. நான் கட்டிப் பாக்கறேன்."

அவன் கையிலிருந்து அட்டையை வாங்கி, கேட் சாவிக்குப் பக்கத்தில் மாட்டினேன்.